வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்: புது ஊரில் நடக்கத் தோதான பகுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புது நகரத்துக்குக் குடிபெயர்கிறவர்கள் முதலில் வீட்டைத்தான் தேடுகிறார்கள். எத்தனை அறைகள், வாடகை எவ்வளவு, காற்றோட்டம் எப்படி, தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டா என்று கேள்விகள் நீளுகின்றன. கேட்க வேண்டியவைதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பணமோ பொறுமையோ செலவழித்துச் சரிசெய்துகொள்ளலாம். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் தொடங்குகிற குறைகள் அப்படியல்ல. வாசலுக்கு எதிரே ஆறு தடச் சாலை ஓடினால், அதை யாரும் நமக்காக நகர்த்தி வைக்கப்போவதில்லை.

தனியாக வாழும் ஒருவர், அதுவும் சொந்த வாகனம் வைத்திருப்பவர், ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் சமாளித்துவிடுவார். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்தின் கதை வேறு. வாகனம் ஓட்ட முடியாத ஒருவருக்கு ஊர் என்பது அவருடைய கால் எட்டும் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் பள்ளியும் கடையும் விளையாட இடமும் இல்லையென்றால், வீட்டில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மற்ற எல்லோருக்கும் நிரந்தர ஓட்டுநர் ஆகிவிடுகிறார். அதைப் பெரும்பாலும் குடிவந்த மூன்றாவது மாதத்தில்தான் உணர்கிறோம்.

எனவே இந்தக் கட்டுரை வீட்டைப் பற்றியது அல்ல. ஒரு குடியிருப்புப் பகுதி நடக்கத் தோதானதா, குழந்தை வளர்க்க ஏற்றதா என்பதை வெளியூரிலிருந்து வரும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது.

ஐந்து நிமிடக் கணக்கு

நடக்கத் தோதான பகுதி என்றால், அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை நடந்தே முடித்துக்கொள்ளக்கூடிய பகுதி. ‘முடியும்’ என்பது மட்டும் போதாது. வாகனம் வாசலில் நின்றாலும், நடந்து போவதே எளிது என்று தோன்ற வேண்டும்.

நகரத் திட்டமிடுபவர்கள் இதற்கு நீண்ட காலமாக ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். உடல்நலமுள்ள ஒரு பெரியவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். அதாவது 5 நிமிடத்தில் 400 மீட்டர், 10 நிமிடத்தில் 800 மீட்டர். 1929-இல் அமெரிக்கத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி முன்வைத்த குடியிருப்பு அலகு என்ற வரைவு இந்த 400 மீட்டரை அடிப்படையாகக் கொண்டது. நடுவில் ஒரு தொடக்கப்பள்ளி. அதிலிருந்து எந்த வீடும் ஏறக்குறைய கால் மைல் தொலைவுக்குள். போக்குவரத்து மிகுந்த சாலைகள் பகுதிக்கு உள்ளே நுழையாமல் எல்லையோரமாக. பரப்பில் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கும் விளையாட்டுக்கும். நூறாண்டுகள் ஆகப்போகும் அந்த வரைவின் மீது பிற்காலத்தில் நியாயமான விமரிசனங்கள் எழுந்தன. ஆனாலும் ‘பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போக முடியுமா?’ என்ற அதன் மையக் கேள்வி இன்றும் பழசாகவில்லை. 2016-இல் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ முன்வைத்து, 2020-இல் பாரிஸ் மேயர் தேர்தலின்போது உலகப் புகழ் பெற்ற ‘15 நிமிட நகரம்’ என்ற கருத்தும் இதே வழியில் வந்ததுதான். நடந்தோ மிதிவண்டியிலோ கால் மணி நேரத்துக்குள் வேலை, படிப்பு, மருத்துவம், கடை, பொழுதுபோக்கு எல்லாம் கிடைக்க வேண்டும் என்பது அது.

இந்தக் கணக்குகளெல்லாம் தனியாக, வெறுங்கையோடு நடக்கும் பெரியவருக்கானவை என்பதை மறக்க வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த 400 மீட்டருக்கு இரு மடங்கு நேரம் ஆகும். வழியில் ஒரு நாய்க்குட்டி தென்பட்டால் எவ்வளவு ஆகும் என்று எந்தத் திட்டமிடுநராலும் சொல்ல முடியாது. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், இரண்டு பை நிறையப் பொருள் சுமந்து வருபவருக்கும் இதே கதைதான். ஆகவே குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய கால்தான் அளவுகோல்.

வரைபடம் சொல்லாமல் விடுவது

வீட்டு விளம்பரங்களில் ‘பள்ளி 500 மீட்டரில்’ என்று எழுதியிருப்பார்கள். பொய்யாக இருக்காது. ஆனால் அது பறவை பறக்கும் நேர்கோட்டுத் தூரமாக இருக்கலாம். நடுவில் ஒரு ரயில் பாதையோ, வாய்க்காலோ, நீண்ட சுற்றுச்சுவர் எழுப்பிய வளாகமோ இருந்தால் நடக்க வேண்டிய தூரம் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும்.

இங்கேதான் தெருக்களின் பின்னல் முக்கியமாகிறது. சிறு சிறு தெருக்கள் அடிக்கடி ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பகுதியில் எங்கே போகவும் இரண்டு மூன்று வழிகள் இருக்கும், சுற்று குறைவு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மையத்தில் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனைக்கு உள்ள நீளம் ஏறத்தாழ 60 மீட்டர். சால்ட் லேக் சிட்டியில் அதுவே ஏறத்தாழ 200 மீட்டர். தூரம் ஒன்றாகவே இருந்தாலும், முதல் ஊரில் நடப்பவருக்கு நிமிடத்துக்கொரு திருப்பம் கிடைக்கிறது. இரண்டாவது ஊரில் அடுத்த முனை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

முட்டுச்சந்துகளால் ஆன குடியிருப்புகள் இதில் ஒரு சுவையான முரண். ஒரே ஒரு வாசல் வழியாக உள்ளே போய்க் கிளை கிளையாகப் பிரிந்து முட்டி நிற்கும் தெருக்கள் அவை. உள்ளே வாகனம் குறைவு, அமைதி அதிகம், குழந்தைகள் தெருவிலேயே விளையாடலாம். ஆனால் அங்கிருந்து வெளியே நடந்து எங்காவது போக வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே பெரிய சாலையில்தான் போய் விழ வேண்டும். பின்பக்க வீட்டின் சுவரைத் தொட்டபடி இருக்கும் நண்பனைப் பார்க்கவே அரை மணி நேரச் சுற்று. இதற்கு ஒரு மாற்று உண்டு. சில திட்டமிடுநர்கள் முட்டுச்சந்துகளின் முனைகளில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் மட்டும் சிறு வழிகளைத் திறந்துவைக்கிறார்கள். அப்படிப்பட்ட வழிகள் உள்ள பகுதி கிடைத்தால் அது அதிர்ஷ்டம்: வாகனத்துக்கு முட்டு, காலுக்குத் திறப்பு.

ஊருக்கு நேரில் வருவதற்கு முன்பே இதில் பாதியைத் தெரிந்துகொள்ளலாம். கைபேசி வரைபடச் செயலியில் வாகன வழியை விட்டு நடை வழியைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட வீட்டிலிருந்து குறிப்பிட்ட பள்ளி வாசல் வரைக்கும் பாருங்கள். பகுதியின் பெயரைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே பகுதிக்குள் ஒரு தெரு தோதாகவும் நான்கு தெரு தள்ளி முற்றிலும் தோதில்லாமலும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் மரங்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன, எங்கே வாகன நிறுத்துமிடங்கள் பரந்து கிடக்கின்றன என்பது தெரியும். தெருப் படங்கள் கிடைக்கும் ஊர் என்றால் வழி முழுக்க அதிலேயே ‘நடந்து’ பார்க்கலாம். படம் எடுக்கப்பட்ட ஆண்டையும் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய நடைபாதை இப்போது கடையின் முன்திண்ணையாகியிருக்கலாம்.

மதிப்பெண் தரும் இணையச் சேவைகளும் உண்டு. 2007-இல் அமெரிக்காவில் தொடங்கிய வாக் ஸ்கோர் அவற்றுள் அறியப்பட்டது. ஒரு முகவரியைக் கொடுத்தால் 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 5 நிமிட நடைக்குள் இருக்கும் கடை, பள்ளி, பூங்காவுக்கு முழுப் புள்ளி; தூரம் கூடக்கூடப் புள்ளி குறைந்து, 30 நிமிடத்துக்கு மேல் ஒன்றுமில்லை. முதல் சல்லடையாக இது நல்ல கருவி. 30 மதிப்பெண் பெற்ற முகவரியை நம்பிக்கையோடு ஒதுக்கிவிடலாம். ஆனால் 90 பெற்றதை அதே நம்பிக்கையோடு ஏற்க முடியாது. நடைபாதை உடைந்து கிடக்கிறதா, வாகனங்கள் என்ன வேகத்தில் பறக்கின்றன, இரவில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

வழியில் உள்ள மிக மோசமான இடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: ஒரு வழியைத் தீர்மானிப்பது அதன் சராசரி அல்ல, அதில் உள்ள மிக மோசமான இடம். 700 மீட்டர் நிழல் நிறைந்த அழகான தெருவில் நடந்து, கடைசியில் சிக்னல் இல்லாத ஒரு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், எந்தப் பெற்றோரும் பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டார்கள். நிழலுக்குக் கிடைத்த மதிப்பெண் அங்கே செல்லாது. சங்கிலியின் வலு அதன் பலவீனமான கண்ணியில்தானே இருக்கிறது.

அந்தக் கண்ணி பெரும்பாலும் ஒரு சாலைக் கடப்பு. அதில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். அமெரிக்க வாகன விபத்துத் தரவுகளை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, வாகனம் மோதிய நடையர் இறக்கும் அபாயத்தை வேகத்தோடு பொருத்திப் பார்த்தது. மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் என்றால் பத்தில் ஒருவர்; 51 என்றால் நால்வரில் ஒருவர்; 68 என்றால் இருவரில் ஒருவர். 37-க்கும் 51-க்கும் இடையே ஓட்டுநருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. தெருவில் நிற்பவருக்கு அபாயம் இரண்டரை மடங்காகிறது. பல நாடுகளின் நகரங்கள் குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை நம்பாதீர்கள். ஓட்டுநர்கள் பலகைக்குக் கட்டுப்படுவதை விடச் சாலையின் வடிவத்துக்குத்தான் கட்டுப்படுகிறார்கள். அகலமான, நேரான, தடையற்ற தெருவில் ‘30’ என்று எழுதிவைத்தால் அது வேண்டுகோள் மட்டுமே. குறுகலான தடம், அடுத்தடுத்து வேகத்தடைகள், இருபுறமும் மரங்கள், கூர்மையாக வெட்டிய தெருமுனை ஆகியவைதான் கால் தானாகவே பிரேக்கைத் தேட வைக்கும். தெருமுனையின் வளைவைக் குறிப்பாகக் கவனியுங்கள். அகன்று வளைந்த முனையில் வாகனங்கள் வேகம் குறைக்காமலேயே திரும்புகின்றன. நீங்கள் கடக்க வேண்டிய தூரமும் அங்கே கூடிவிடுகிறது.

அடுத்தது அகலம். ஒரு தடம் சுமார் மூன்றேகால் மீட்டர் என்றால் ஆறு தடச் சாலை ஏறத்தாழ 20 மீட்டர். வேகமாக நடக்கும் பெரியவருக்குப் பதினைந்து விநாடி. குழந்தையோடு அல்லது கைத்தடியோடு நடப்பவருக்கு இருபத்தைந்து, முப்பது. சிக்னலில் பச்சை எத்தனை விநாடி எரிகிறது என்று நின்று எண்ணிப் பார்க்கலாம். கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியும், பரவாயில்லை. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால் கடினமான ஒரு கடப்பு எளிதான இரண்டு கடப்புகளாகப் பிரிந்துவிடுகிறது.

நடை மேம்பாலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. சாலைக்குமேல் ஒரு பாலம் கட்டியிருந்தால் அந்த ஊர் நடப்பவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று தோன்றும். பல இடங்களில் அது வாகனங்களின் வேகத்தைக் குறைக்க மனமில்லாததன் சான்று. இரண்டு மாடி உயரம் ஏறி இறங்கப் பாட்டியாலும் முடியாது, குழந்தைத் தள்ளுவண்டி வைத்திருப்பவராலும் முடியாது. விளைவு, பாலத்தின் அடியிலேயே எல்லோரும் ஓடிக் கடக்கிறார்கள். எத்தனை பேர் மேலே போகிறார்கள், எத்தனை பேர் கீழே ஓடுகிறார்கள் என்று சில நிமிடம் நின்று பார்த்தால் அந்தச் சாலையின் குணம் விளங்கிவிடும்.

இன்னொன்று, கண்ணின் உயரம். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்கச் சொல்லும் ‘அர்பன்95’ என்ற திட்டத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த வான் லீர் அறக்கட்டளை நடத்துகிறது. வழியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். நமக்கு ஓரமாக நிற்கும் வண்டி, குழந்தைக்கு ஒரு சுவர். அந்தச் சுவரின் இடுக்கிலிருந்து சாலையில் இறங்கும் குழந்தையை ஓட்டுநரும் பார்ப்பதில்லை. கடக்கும் இடத்தை ஒட்டி வாகனங்களை நிறுத்தவிடாத ஊர் இதைப் புரிந்துகொண்ட ஊர்.

நடைபாதையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருவர் அருகருகே நடக்க, எதிரே ஒரு சக்கர நாற்காலி வந்தால் ஒதுங்க, இடம் இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் வரிசையாகத்தான் போக வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போக முடியாது. அகலத்தை விடத் தொடர்ச்சி முக்கியம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்கி, நடுவில் மின்பெட்டியும் தூணும் மறிக்கும் அகன்ற நடைபாதையை விட, நடைபாதையே இல்லாத ஆனால் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் குறுகிய தெரு எவ்வளவோ மேல். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் இப்படித்தான் தெருக்களை மாற்றத் தொடங்கினார்கள். செடித்தொட்டிகளும் வளைவுகளும் வைத்து, வாகனம் விருந்தாளி போல மெதுவாக வர வேண்டிய தெருக்கள். 1976-இல் அந்த நாட்டின் சட்டமே அவற்றை ஏற்றுக்கொண்டது.

தெருவில் யார் இருக்கிறார்கள்?

1960-களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தவை. ஒன்றில் நாளுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அதே தெருவில் இருந்த நண்பர்களின் எண்ணிக்கை, நெரிசலான தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இருந்ததைப் போல மூன்று மடங்கு. ‘உங்கள் வீடு எதுவரை?’ என்று கேட்டு வரைபடத்தில் கோடு போடச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் சேர்த்து வரைந்தார்கள். நெரிசலான தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு, சிலர் அதற்குள்ளேயே, நிறுத்திக்கொண்டார்கள்.

புது ஊருக்கு வருபவருக்கு இந்த ஆய்வில் ஒரு தனிச் செய்தி இருக்கிறது. அங்கே உங்களுக்கு யாரையும் தெரியாது. அவசரத்துக்குக் குழந்தையை விட்டுச்செல்ல ஒரு வீடு, சாவியைக் கொடுத்துவைக்க ஓர் ஆள், இதெல்லாம் அந்தத் தெருவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நடக்கிற தெருவில்தான் முகங்கள் பழகுகின்றன. வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி இறக்கும் பகுதியில் பத்து ஆண்டுகள் இருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் போவது சகஜம்.

பாதுகாப்பும் இதோடு சேர்ந்ததுதான். தெருவின் மீது கண்கள் இருக்க வேண்டும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் சொன்னதை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். தெருவைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல்கள், மாலை தாண்டியும் திறந்திருக்கும் சிறுகடைகள், வாசலில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் ஆகியவை பூட்டிய கதவுகளை விட அதிகம் காக்கின்றன. உயரமான சுற்றுச்சுவர்கள் இருபுறமும் நீளும் தெரு, பார்க்கச் சுத்தமாக இருந்தாலும், இரவு எட்டு மணிக்கு அதில் தனியாக நடக்கத் தயங்குவோம். காவலாளி நிற்கும் வாயில் வளாகத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் காவல். வெளியே நடந்து போகும் உங்கள் மகளுக்கு அல்ல.

பள்ளி, பூங்கா, பேருந்து

பள்ளியின் தூரத்துக்கு நான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக எடை கொடுப்பேன். காரணம் எளிய கணக்கு. பள்ளி ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் குழந்தை நாளுக்கு 2 கிலோமீட்டர் நடக்கும். கூடப் போகிறவர் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, மறுபடி போய் அழைத்துவந்து, 4 கிலோமீட்டர் நடப்பார். பெரியவரின் அலுவலகத் தூரம் ஒரு மடங்காக வலித்தால், குழந்தையின் பள்ளித் தூரம் குடும்பத்துக்கு இரு மடங்காக வலிக்கும். குழந்தை எந்த வயதில் தனியாகப் போகத் தொடங்குகிறதோ, அன்று அந்தச் சுமை இறங்குகிறது. அந்த வயதைத் தெருதான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கியதை மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பதிவுசெய்தார்கள். இரண்டு பத்தாண்டுகளில் பிள்ளைகள் மாறிவிடவில்லை. சாலைகளில் வாகனம் பெருகியது, பெற்றோரின் அச்சமும் கூடவே பெருகியது.

பள்ளி வாசலையும் போய்ப் பாருங்கள். பல பள்ளிகளுக்குப் போகும் வழி நன்றாக இருக்கும். கடைசி ஐம்பது மீட்டரில், மற்ற பெற்றோரின் வாகனங்களுக்கு நடுவே, உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இத்தாலியின் போல்சானோ நகரில் 1989-இலேயே பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் வாசல் தெருவை வாகனங்களுக்கு மூடினார்கள். அப்படிப்பட்ட ‘பள்ளித் தெருக்கள்’ இப்போது பல நாடுகளில் உள்ளன. நீங்கள் போகும் ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பூங்காவில் அளவு பெரிதல்ல. அருகில் இருப்பதுதான் பெரிது. வார இறுதியில் வண்டியில் போய்ப் பார்க்கும் பெரும் பூங்காவை விட, சமையலுக்கு நடுவே அரை மணி நேரம் கூட்டிப்போய் வரக்கூடிய சிறு திடல் குழந்தைக்கு அதிகம் உதவும். நிழலும், உட்கார ஒரு பலகையும், முடிந்தால் ஒரு கழிப்பறையும் இருந்தால் முதியவர்களும் அங்கே வருவார்கள்.

குழந்தை பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் தேவைகள் நடைத் தூரத்தை மீறிவிடும். நண்பன் வீடு, பயிற்சி வகுப்பு, நூலகம் என்று ஊர் முழுக்கப் பரவும். அப்போது நடக்கத் தோதான பகுதியைக் காப்பாற்றுவது பொதுப் போக்குவரத்து. நிறுத்தம் எவ்வளவு அருகில் என்பதோடு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வண்டி வருகிறது என்று பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். கால அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பலாம். மணிக்கு ஒரு பஸ் என்றால் அது வாசலிலேயே நின்றாலும் உங்கள் நாளை அதுதான் ஆளும்.

நேரில் போகும் நாள்

தரகர் அழைத்துப்போகும் நேரம் பெரும்பாலும் காலை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. எந்தத் தெருவும் அந்த நேரத்தில் சாதுவாகத்தான் இருக்கும். வேலை நாளில் பள்ளி தொடங்கும் நேரத்திலும், இருட்டிய பிறகும் தனியாகப் போய்ப் பாருங்கள். மழை பெய்யும் நாள் கிடைத்தால் அதை விடாதீர்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த நடைபாதை சேறாகிறது என்பதை வேறெந்த நாளும் காட்டாது.

அப்படிப் போகும்போது வீட்டைச் சுற்றிச் சும்மா உலாவ வேண்டாம். உங்கள் குடும்பம் அடிக்கடி போகப்போகும் நான்கைந்து வழிகளை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பள்ளி, மளிகைக்கடை, மருந்துக்கடை, திடல், பஸ் நிறுத்தம். ஒவ்வொன்றையும் முழுதாக நடந்து, எந்த இடத்தில் கால் தயங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையை அழைத்துச் செல்ல முடிந்தால் இன்னும் நல்லது. எங்கே அதன் கையை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், எங்கே தானாகவே விட்டுவிடுகிறீர்கள் என்பதை விடச் சிறந்த அளவீடு இல்லை.

பெரியவர் துணையின்றி நடக்கும் பத்து வயதுப் பிள்ளைகளும், தனியாக நடக்கும் முதியவர்களும் கண்ணில் படுகிறார்களா? அந்த இரண்டு தரப்பினரும் தெருவில் இருந்தால் அந்தப் பகுதியைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று பொருள். யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் கேளுங்கள். ‘இந்தப் பகுதி நல்லதா?’ என்றால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். ‘உங்கள் பிள்ளையைக் கடைக்குத் தனியாக அனுப்புவீர்களா? எந்தச் சாலையைக் கடக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வரும்.

காதையும் பயன்படுத்துங்கள். சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. கருவி தேவையில்லை, தெருவில் நின்று குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். பெரிய நெடுஞ்சாலையை ஒட்டிய முதல் ஓரிரு தெருக்களைத் தவிர்ப்பது காற்றுக்கும் நல்லது. வாகனப் புகையின் செறிவு சாலையிலிருந்து விலக விலக, முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகக் குறைகிறது.

நகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். இன்று அமைதியாக இருக்கும் தெரு, நாளை அகலப்படுத்தப்படும் சாலையாக அதில் குறிக்கப்பட்டிருக்கலாம்.

எதை விட்டுக்கொடுப்பது?

எல்லாம் பொருந்திய பகுதியில் வாடகை கூடுதலாக இருப்பது வழக்கம். மற்றவர்களுக்கும் கண் இருக்கிறதே. அப்போது பேரத்தை வீட்டின் அளவில் வையுங்கள் என்பேன். ஒரு அறை குறைந்தாலும் இரண்டாவது வாகனம் தேவைப்படாது என்றால், அந்த வாகனத்தின் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் கூட்டி வாடகை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல குடும்பங்களில் கணக்கு சிறிய வீட்டின் பக்கம் சாயும். சாயாத குடும்பங்களும் உண்டு. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருந்தால் அறை அறைதான்.

கணவன், மனைவி இருவரின் அலுவலகங்களும் ஊரின் இரு மூலைகளில் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு புள்ளியைப் பிடிப்பது இயல்பாகத் தோன்றும். அந்த நடுப்புள்ளி நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடமாக இருந்துவிடுகிற அபாயம் இருக்கிறது. இருவரில் யாருடைய பயணம் எளிதில் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ மாறுமோ, அவருடைய தூரத்தைக் கூட்டிவிட்டுப் பள்ளியையும் கடையையும் கால் எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நல்லது. இன்னும் குழப்பம் தீரவில்லை என்றால் முதல் ஆண்டுக்கு வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டு, குறுகிய கால ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு பள்ளித் தவணையும் கடந்த பிறகு, எந்தத் தெருவின் எந்தப் பக்கம் வீடு வேண்டும் என்பது வரை உங்களுக்கே தெரிந்திருக்கும்.